ஒரு வாய்ப் பால்

பிள்ளைகளின் புற்றுநோய் வார்டில் கைக்குழந்தைக்கு இடமில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி அம்மா அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உள்ள இருக்கிற பசங்களுக்குச் சளி புடிச்சாலே ஆபத்தும்மா. பாப்பாவுக்கும் நல்லதில்ல" என்று சொல்லிவிட்டு, வஜீதாவின் தோளில் தூங்கிய மூன்று மாதக் குழந்தையின் காலை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். திட்டித் தடுத்தால் திருப்பித் திட்டலாம். அன்பாகத் தடுத்தால் என்ன செய்ய முடியும்? வஜீதா முபஷ்ஷிராவைக் கணவன் தபரேஸின் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து வயது ஒவைஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

எல்லாம் ஒரு வாரத்தில் நடந்து முடிந்திருந்தது. பையனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். காலில் நீல நீலமாகத் தடிப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று தபரேஸ் போய் வாத்தியாரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தான். பாவம் அந்த வாத்தியார். ஆம்பூரில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் பேப்பரை மடித்துக் கையில் கொடுத்து, "இன்னிக்கே வேலூர் போயிடுங்க" என்றார். ரத்தப் புற்றுநோய். மருந்துக்குக் கேட்கிற வகைதான், ஆனால் முதல் ஏழெட்டு மாதம் கஷ்டமான மாதங்கள், அம்மா கூடவே இருக்க வேண்டும் என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அப்படியானால் முபஷ்ஷிரா யாரிடம் இருப்பாள்? அதை யாரும் கேட்கவே இல்லை. புஷ்ரா இருக்கிறாளே.

புஷ்ரா, தபரேஸின் அண்ணன் மனைவி. அண்ணன் தன்சீல் அகமது சவூதியில். ஆம்பூர் வீட்டில் மாமனார் அப்துல் சமத் இருக்கிறார், முப்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டி ஓட்டிக் காது போனவர். தபரேஸ் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. மருமகள்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பார்கள். கம்பெனி ஆள் வண்டியில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். இரண்டு ஊசியை எதிரும் புதிருமாக ஓட்டி நூலை இழுத்து இறுக்க வேண்டும். மதியம் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டு, ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் பேசித் தீர்ப்பார்கள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பது ஊர் வழக்கு. இவர்கள் விஷயத்தில் அந்த வழக்கு பலிக்கவில்லை. வஜீதா அவளை 'ஆபா' என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். கூடப் பிறந்த அக்கா அவளுக்குக் கிடையாது.

வஜீதாவுக்கு ஓர் ஆசை இருந்தது. இந்தக் கதை முழுக்க அந்த ஆசைதான், அதனால் அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்த ஊர் மேல்விஷாரம். ஆம்பூருக்கும் மேல்விஷாரத்துக்கும் அப்படியொன்றும் கடல் கடந்த தூரமில்லை, பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒருநாள் காலை, அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது. அடுத்த போனில் முடிந்துவிட்டது என்றார்கள். பள்ளிகொண்டா பக்கம் லாரி கவிழ்ந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. வஜீதா தெருமுனையில் இறங்கி ஓடுகிறாள், ஆண்கள் அம்மாவின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்க முனையில் திரும்பிவிட்டார்கள். பெண்கள் அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அன்று முழுக்க அவள் அழவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. புஷ்ராதான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து பெண் பிள்ளையைத் தூரத்தில் கொடுப்பது என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. முபஷ்ஷிரா பிறந்த நாற்பதாம் நாள், குழந்தையைக் கொண்டுபோய் புஷ்ராவின் மகன் அஃப்ரோஸின் தொட்டிலில் கிடத்தினாள். அவனுக்கு அப்போது ஆறு மாதம். அண்ணன் தம்பி பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்வது அவர்களுக்குள் வழக்கம்தான். வீட்டில் அவர்கள் பேசுவதெல்லாம் உருது. தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"ஆபா, இவளை நான் எங்கயும் அனுப்ப மாட்டேன். இந்த ரூம்லருந்து அந்த ரூமுக்கு வந்தா போதும். உங்க புள்ளைக்கு எடுத்துக்குங்க."

"யா அல்லா! மூக்கு ஒழுகுது, தொடைக்கத் தெரியல, இவனுக்கு இப்பவே மாப்பிள்ளை வேஷமா?" என்று புஷ்ரா சிரித்தாள். ஆனால் எழுந்து போய் டப்பாவைத் திறந்து, ஒரு விரல் சர்க்கரை எடுத்து வஜீதாவின் வாயில் போட்டாள். வாக்குக் கொடுத்தால் அப்படித்தான் கொடுப்பார்கள். பெரியவர்களின் பேராசைக்கு ஓர் அளவே கிடையாது. தொட்டிலில் கிடந்த இரண்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஒன்று மற்றதன் காதைப் பிடித்து இழுத்தது.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

முதல் இரண்டு நாள் வஜீதா தன் பாலைப் பீய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, தபரேஸிடம் கொடுத்தனுப்பினாள். அந்தக் குட்டிக்கு ரப்பர் என்றாலே பகை. வாயை இறுக்கி மூடிக்கொண்டது, மீறி வைத்தால் துப்பியது. மூன்றாம் நாள், தூக்கமில்லாததாலோ பயத்தாலோ, வஜீதாவுக்குப் பாலும் குறைந்துபோனது. அன்று காலை பத்து மணிக்கு, ஒவைஸின் கையில் மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, புஷ்ராவின் போன் வந்தது.

"வஜீதா, பயப்படாத. பாப்பா நேத்திலருந்து ஒண்ணும் குடிக்கல. அழக்கூடத் தெம்பில்ல, சிணுங்குறா. இங்க டாக்டர்கிட்ட காட்டினேன், எப்படியாவது பால் எறங்கணும்ன்றார்." பிறகு, "எங்கிட்ட இருக்குது. நான் எடுத்துக் குடுக்கட்டா? நீ சொல்லாம நான் குடுக்க மாட்டேன்" என்றாள்.

வஜீதாவால் பதில் சொல்ல முடியவில்லை. போன் காதில் இருந்தபடியே இருந்தது. அந்தப் பக்கம் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. "கொஞ்சம் பொறுங்க ஆபா" என்று கட் செய்தாள்.

பக்கத்துக் கட்டிலில் நந்தினி என்று ஆறு வயதுப் பெண். அவளுடைய அம்மா ஜெயம்மாள், திமிரிப் பக்கம் நாற்று நடப் போகிறவள், வாய்க்குப் பூட்டுப் போடாத மனுஷி. "இன்னாம்மா, யார் போன்ல? மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள். வஜீதா சொன்னாள்.

"பசி இருக்குது, பால் இருக்குது, குடுக்க ஆளும் இருக்குது. இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

"எங்கள்ல அப்படி இல்லக்கா. ஒரு வாய் குடிச்சாலும் அவங்களுக்கு இவ பொண்ணாயிடுவா. அவங்க புள்ளையும் இவளும் அண்ணன் தங்கச்சி. அப்புறம் ரெண்டு பேருக்கும் நிக்காஹ் பண்ண முடியாது. எப்பவும் முடியாது."

"பீச்சி சங்குல ஊத்தினா?"

"அதுவும் அதேதான்."

"நல்லா இருக்குது போ. எங்க ஊர்ல ஒருத்தன், அத்தகிட்ட பால் குடிச்சு வளந்துட்டு அவ பொண்ணையே கட்டிக்கினு ஜம்முனு இருக்கான்." ஜெயம்மாள் சிரித்துவிட்டு, வஜீதாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சரி, உங்களுக்கு அது கட்டு. கட்டுன்னா கட்டுதான், நான் இன்னா சொல்றது. ஆனா இது மூணு மாசக் கொழந்த. இப்ப கண்ணாலம் பெர்சா, வவுறு பெர்சா, நீயே சொல்லு."

வயிறுதான் பெரிது. அது வஜீதாவுக்குத் தெரியாதா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைத்த தாய் என்று யாரையோ திட்டுவோமே, அது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அரை மணி நேரம் அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணியில் முபஷ்ஷிராவுக்குப் பதினெட்டு வயதாகி, யாரோ ஊர் பேர் தெரியாதவன் வீட்டுக்குக் காரில் ஏறிப் போய்விட்டாள். பிறகு வஜீதா போன் போட்டாள்.

"குடுங்க ஆபா."

"யோசிச்சு சொல்றியா?"

"பசியில இருக்குது புள்ள. குடுங்க."

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. 'குடுத்துட்டேன். வயிறு ரொம்பித் தூங்குறா. நீ ஒவைஸைப் பாரு.' வஜீதா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாலைந்து நாளில் அவளுடைய பாலும் வற்றிவிட்டது.

ஒவைஸைப் பார்த்தாள். வேறு என்ன செய்தாள் இந்த எட்டு மாதமும்? முதுகுத்தண்டில் ஊசி போடும்போது அவனுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, "கம்பெனியில புது மாடல் வந்திருக்கு, அதான் பழசைக் கழட்டுறாங்க" என்று கதை விட்டாள். ஒரு மாத்திரை பசியைக் கிளப்பிவிடும். பையன் விடியற்காலை எழுந்து இட்லி கேட்பான், ஆறு தின்றுவிட்டு ஏழாவதுக்கு அழுவான். இன்னொரு மருந்தில் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்கவே கண்ணீர் விடுவான். 'கவுண்ட்' என்ற ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் அந்த வார்டே நடந்தது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை. ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை, "கவுண்ட் எவ்ளோ?" என்றுதான் கேட்டார்கள். ரத்தம் தேவைப்பட்டபோது தபரேஸின் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் சீனிவாசன் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். கை நீட்டி உட்கார்ந்த பதினோரு பேரில் வஜீதாவுக்கு ஒருவர் பெயர்கூடத் தெரியாது. முப்பத்தைந்தாம் நாள் எலும்பு மஜ்ஜையில் கெட்ட செல் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, ஜெயம்மாள்தான் அவளைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதாள்.

இத்தனைக்கும் நடுவில் மனசு ஆம்பூரில் கிடந்தது. ஒவைஸின் தலையைத் தடவும்போது இன்னொரு தலை ஞாபகம் வரும். கட்டிலை விட்டு இறங்கி நடந்தால் கை இடுப்புக்குப் போய்விடும், அங்கே யாரும் இல்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவுண்ட் நன்றாக இருந்தது. தபரேஸை உட்காரவைத்துவிட்டு வஜீதா ஆம்பூருக்கு ஓடினாள். பஸ் இறங்கி, தோல் ஷாப் வாடை மூக்கில் ஏறியதும் வீடு வந்துவிட்டது என்று கால்கள் பறந்தன. குளித்து, துணி மாற்றி, கை நீட்டினாள். முபஷ்ஷிரா அவளை ஒரு பார்வை பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீல் என்று கத்தி, புஷ்ராவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தூக்கம் வருது அவளுக்கு, அதான்" என்றாள் புஷ்ரா. குழந்தையை உள் அறைக்குத் தூக்கிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

வஜீதா வெளியே, தைக்காமல் கிடந்த தோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் சத்தம் அடங்கியது. என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதற்குச் சம்மதம் கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் அந்த மூடிய கதவைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அவளுக்குத்தான் இருந்தது. குழந்தை வெளியே வந்தபோது கழுத்து மடிப்பில் பால் வழிந்து ஈரமாக இருந்தது. புஷ்ரா அவசர அவசரமாகத் துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

வஜீதா அன்று மாலையே திரும்பிவிட்டாள். துவைக்கப் போட்டிருந்த முபஷ்ஷிராவின் கவுன் ஒன்றை யாருக்கும் தெரியாமல் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். அது தலையணைக்கு அடியில் இருந்தது. ஒரு மாதம் போனதும் அதில் டெட்டால் வாடைதான் வந்தது, ஆனாலும் எடுத்து எடுத்து மோந்து பார்த்தாள். ஜெயம்மாள் பார்த்தாள், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் தபரேஸ் வெள்ளந்தியாகச் சொன்னான். "அண்ணி தங்கமான மனுஷி, வஜீதா. அஃப்ரோஸுக்கு டப்பா பால் வாங்கச் சொல்றாங்க. தன் பாலெல்லாம் நம்ம பொண்ணுக்கே குடுத்துடறாங்க போல. தைக்கிறதைக்கூட நிறுத்திட்டாங்க."

நல்ல செய்திதான். வஜீதாவுக்கு அது வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தது. பெற்ற பிள்ளைக்கு டப்பா பால், என் பெண்ணுக்குத் தாய்ப்பால்! என் பெண்ணை இவளே எடுத்துக்கொண்டாள், முழுசாக எடுத்துக்கொண்டாள் என்று மனசு முனகியது. அதற்கப்புறம் புஷ்ரா வீடியோவில் கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்பாள். "பல்லு மொளைச்சிருக்கு பாரு" என்றால் "ம்". "இன்னிக்குத் தவழ்ந்தா" என்றால் "ம்". போனை வைத்துவிட்டு, முளைத்த பல்லை நினைத்து நினைத்துத் தேம்புவாள். இப்படியும் ஒருத்தி உண்டா என்றால், உண்டு.

எட்டு மாதம் முடிந்தது. இனி வீட்டிலிருந்தே மாத்திரை, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், இன்னும் இரண்டு வருஷம் இப்படி ஓட்டணும் என்று சொல்லி அனுப்பினார்கள். நந்தினிக்கு இன்னும் ஒரு சுற்று மருந்து பாக்கியிருந்தது. ஜெயம்மாள் திமிரியிலிருந்து வந்த வேர்க்கடலையை ஒரு பை கட்டிக் கொடுத்து, "திரும்பி இந்தப் பக்கமே வராத, தாயே. செக்கப்புக்கு மட்டும் வா" என்றாள்.

ஆம்பூர் வீட்டில் அன்று ஒரே கூட்டம். பத்துப் பேருக்கு மேல் சேரக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தபரேஸ் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். மாமனாருக்குக் காது கேட்காது, வந்தவர்களையெல்லாம் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தார். ஒவைஸ், அப்போதுதான் முளைத்த முள்முடித் தலையோடு, முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டி எல்லாரிடமும் சலாம் வாங்கிக்கொண்டிருந்தான்.

முபஷ்ஷிராவுக்குப் பதினொரு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வஜீதா மண்டியிட்டு, கொஞ்ச தூரத்திலிருந்தே கூப்பிட்டாள். குழந்தை அவளைத் தாண்டிப் பார்த்து, சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மீ" என்றது. அங்கே இருந்தது புஷ்ரா.

இந்த நேரம் பார்த்து, வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த மாமனாரின் தங்கை அஃப்ஸர் ஜஹான், அஃப்ரோஸைத் தூக்கி முபஷ்ஷிராவின் பக்கத்தில் நிறுத்தினாள். "மாஷா அல்லா, என்ன ஜோடி! வஜீதா, உன் ஆசைப்படி இப்பவே மோதிரம் போட்டுடலாமா?"

வஜீதா எழுந்து நின்றாள். எட்டு மாதமாக விழுங்கியது எல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"வேணாம் பூபி. இனிமே அந்தப் பேச்சை யாரும் எடுக்காதீங்க. பாப்பா ஆபாகிட்ட பால் குடிச்சு வளந்தவ. இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், எல்லாரும் ஞாபகம் வெச்சுக்குங்க."

பால் விஷயம் விளையாட்டு இல்லை. நாலு பேர் முன் சொன்னால் சொன்னதுதான். சமையலறையிலிருந்து புஷ்ரா வந்தாள். கையில் மாவு. முகம் சிவந்திருந்தது.

"இல்ல" என்றாள்.

"இன்னா இல்ல, ஆபா?"

"குடுக்கல. அல்லா மேல ஆணை. ஒரு வாய்கூட நான் இவளுக்குக் குடுக்கல."

அஃப்ஸர் ஜஹான் இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு, வயதானவர்களுக்கே உரிய சாமர்த்தியத்தோடு, "வாங்க வாங்க, பிரியாணி ஆறுது" என்று கூட்டத்தை முன்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

இருவரும் உள் அறைக்கு வந்தார்கள். அதே அறை, அதே தாழ்ப்பாள். இந்தத் தடவை வஜீதா உள்ளே இருந்தாள். புஷ்ரா அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த ஒரு ஸ்டீல் பாலாடையை எடுத்தாள். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், மெடிக்கல் கடையில் விற்கிற சாதாரணச் சாமான்.

"நீ சொன்னதும் மடியில போட்டுக்கிட்டேன். வாய் பக்கத்துல வந்துட்டுது. அப்ப நெனப்பு வந்தது, நீ போன்ல பேசாம இருந்தியே, அது. உன் அம்மி மௌத் அன்னிக்கும் நீ அப்படித்தான் பேசாம இருந்த. என்னால முடியல வஜீதா. பக்கத்து வீட்டுப் பொண்ணை ஓடவிட்டு இதை வாங்கியாரச் சொன்னேன். மாவுப்பாலைக் கலந்து சொட்டுச் சொட்டா ஊத்தினேன். மொத நாள் ஒரு அவுன்ஸ் எறங்க ஒரு மணி நேரம்."

"குடுத்துட்டேன்னு அனுப்பினீங்களே?"

"பொய்தான் அனுப்பினேன். உண்மையைச் சொல்லியிருந்தா, புள்ள பசியில கெடக்குதோ, வவுறு ரொம்பிச்சோன்னு நீ அங்க உக்காந்து செத்துக்கிட்டு இருப்ப. ஒவைஸை யார் பாக்கிறது?"

"அப்ப அந்த டப்பா பால்..."

"அஃப்ரோஸுக்குன்னு சொன்னாத்தான் தபரேஸ் கேள்வி கேக்காம வாங்கியாருவான். இவன் நல்லாத்தான் எங்கிட்ட குடிச்சான் தடியன்."

தைப்பதை ஏன் நிறுத்தினாள் என்று வஜீதா கேட்கவில்லை. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், நாளைக்கு எட்டு வேளை. கணக்கு தானே வந்துவிட்டது. கதவை ஏன் தாழ் போட்டாள் என்றும், கழுத்து மடிப்பு ஏன் நனைந்திருந்தது என்றும் கேட்கவில்லை.

"இவ அழுதா எனக்கு ஊறும்" என்றாள் புஷ்ரா, தரையைப் பார்த்துக்கொண்டு. "துணியெல்லாம் நனைஞ்சிடும். மடியில பசியோட ஒரு புள்ள, இங்க பால். அதைத் தொடச்சுட்டு பாலாடையைத் தூக்குவேன். அதுதான் வஜீதா ரொம்பக் கஷ்டமா இருந்தது. மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல."

வஜீதா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் உங்களை மனசுல எவ்ளோ திட்டினேன் தெரியுமா? என் பொண்ணை எடுத்துக்கிட்டீங்கன்னு..."

"தெரியும். 'ம்'னு ஒரு எழுத்துல திட்டுவியே."

சிரித்தார்களா அழுதார்களா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

"அந்த ஒரு ஆசைக்கா ஆபா இவ்ளோ? நாளைக்கு இதுங்களே வேணாம்னு சொன்னா?"

"சொல்லட்டுமே. நான் இன்னா கட்டியா வெக்கப்போறேன்? இதுங்களுக்குப் புடிச்சா பாக்கலாம், புடிக்கலைன்னா போகட்டும். ஆனா கதவைச் சாத்தினது நான்தான்னு இருக்கக் கூடாது. உனக்கு ஒரு தடவை தெருமுனை வரைக்கும் வந்தும் கிடைக்காம போச்சு. போதும்."

வெளியே முபஷ்ஷிரா சிணுங்க ஆரம்பித்தாள். புஷ்ரா எழுந்து போய் அவளைத் தூக்கிவந்து, பாலைக் கலந்து, பாலாடையை வஜீதாவின் கையில் திணித்தாள். "இந்தா. பதினோரு மாசமாகியும் மகாராணி டம்ளரைத் தொட மாட்டா, இதுதான். தலையைக் கொஞ்சம் தூக்கிப் புடி. மெதுவா ஊத்து, புரையேறும்."

குழந்தை வஜீதாவின் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு பாலாடையைப் பார்த்தது. அந்தப் பாத்திரத்தோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. வாயைத் திறந்தது.

பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வஜீதா அந்தக் கழுத்து மடிப்பைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். வாசலில் ஒவைஸ் வந்து நின்று, "அம்மி, பாப்பா என்னைவிட மோசமா துப்புறா" என்று தீர்ப்புச் சொன்னான்.

கிண்ணம் காலியானது. வயிறு நிறைந்ததும் முபஷ்ஷிரா அவள் மடியிலிருந்து நழுவி, புஷ்ராவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். புஷ்ரா தயங்கினாள். கையை நீட்டவா வேண்டாமா என்று வஜீதாவின் முகத்தைப் பார்த்தாள்.

வஜீதாவின் கண் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அவளே குழந்தையைத் தூக்கி, நெற்றியில் ஒரு முத்தம் வைத்து, புஷ்ராவின் பக்கம் நீட்டினாள்.

"போ, போய்ட்டு வா. எங்க போய்டப் போற, இந்த ரூம்லருந்து அந்த ரூமுக்குத்தானே."